ஹெட்ரிக் வீட்டுத் துப்பாக்கியின் தக்கை

அந்த வசந்தத்தில் ரீவா ஹெட்ரிக் பெயருக்கு வந்து நான் கொண்டுபோய்க் கொடுத்த பொட்டலங்கள் ஏழு. எல்லாம் உள்ளங்கை அகலப் பெட்டிகள், குலுக்கினால் சலசலக்கும். தபால் வண்டி ஓட்டுகிறவனுக்கு எந்த வீட்டுக்கு என்ன வருகிறது என்று தெரியும்; தெரியாத மாதிரி இருப்பதுதான் உத்தியோகம். முதல் பாதி எனக்கு நன்றாக வந்தது. இரண்டாவது பாதி ஓய்வு பெறும்வரை கைவரவே இல்லை. இரண்டாவது பொட்டலத்திலேயே கேட்டுவிட்டேன்.

"தக்கை," என்றாள் ரீவா. "துப்பாக்கிக்கு."

எந்தத் துப்பாக்கி என்று கேட்க வேண்டியதில்லை. ஹிக்கரி ஓடைப் பக்கம் துப்பாக்கி இல்லாத வீடு கிடையாது. ஆனாலும் மொட்டையாகத் துப்பாக்கி என்றால் அது ஹெட்ரிக்குகளின் பழைய ஒற்றைக்குழல்தான். அவள் புருஷன் டென்சிலின் கொள்ளுத்தாத்தா ஆஸா வாங்கியது. வாய் வழியாக மருந்து கொட்டி, அதன்மேல் தக்கையை இடித்து இறக்கி, ஈய ரவை போட்டு, மெல்லிய அட்டை ஒன்றால் மூடி, பின்னால் கேப்பு என்கிற சின்ன வெடிமூடியை மாட்டிச் சுடுகிற ரகம். ஒரு தடவை சுட்டு, மறுபடி கெட்டிப்பதற்குள் வான்கோழி அடுத்த மாவட்டத்துக்குப் போய்விடும்.

மே மாதக் கடைசியில், கல்லறைகளுக்குப் பூ வைக்கிற நாளில், ஹெட்ரிக்குகள் எல்லாரும் மேட்டுக் கல்லறைத் தோட்டத்தில் கூடிச் சாப்பிடுவார்கள். அந்த மேசையில் அந்தத் துப்பாக்கியால் அந்த வசந்தத்தில் சுட்ட காட்டு வான்கோழி இருந்தாக வேண்டும். துப்பாக்கியை வைத்திருப்பவன் மூன்று வசந்தம் தொடர்ந்து வெறுங்கையோடு வந்தால் அது இன்னொரு ஹெட்ரிக் வீட்டுக்குப் போய்விடும். ஆஸா போட்ட ஏற்பாடு என்பார்கள். எழுத்தில் எங்கும் கிடையாது. எழுதி வைத்த எத்தனையோ விஷயங்களைக் காற்றில் விட்ட குடும்பம், இதை மட்டும் மீறியதில்லை.

டென்சிலின் அண்ணன் வில்மர் அதைப் பல வருஷம் வைத்திருந்தான். கடைசி மூன்று வசந்தம் தொடர்ந்து தப்பவிட்டான். முட்டி வலி என்று சொல்லிக்கொண்டு, கல்லறைத் தோட்டத்தில் எல்லார் முன்னாலும் துப்பாக்கியைப் போர்வையில் சுற்றித் தம்பி கையில் கொடுத்தான். டென்சிலும் இரண்டு வசந்தம் தப்பவிட்டாயிற்று. இது மூன்றாவது.

டென்சிலுக்குக் காரணம் தயாராக இருந்தது. துப்பாக்கி கைக்கு வருவதற்கு முந்திய வருஷம்தான் மர அறுவை ஆலையில் சிராய் தெறித்து வலது கண்ணில் அடித்தது. ஆபரேஷன் செய்து பார்வை வந்தது. வந்த பார்வையை அவன் நம்பவில்லை. முதல் வசந்தம் தப்பியபோது கண்ணைத் தேய்த்துக்கொண்டான். இரண்டாவது வசந்தம் தப்பியபோது வீட்டுக்கு வந்து சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தான், கிட்டத்தட்ட அப்படியே ஒரு வருஷம் உட்கார்ந்திருந்தான். வேலி கட்டுவான், ஆட்டுக்குத் தீனி வைப்பான், திரும்ப வந்து உட்காருவான். கார் ஓட்டுவதையும் விட்டுவிட்டான்.

ரீவா அப்படி உட்காருகிற ஆள் இல்லை. விடியுமுன் பள்ளிக்கூட பஸ்ஸை எடுத்து, மலைப்பாதையில் இரண்டு நடை பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து, அறுபது ஆடுகளைப் பார்ப்பாள். மறுபடி மூன்று மணிக்கு பஸ். அதற்கு நடுவில்தான் இந்தத் தக்கை வேலை.

இதற்குக் காட்டில் நின்ற ஒரு பீச் மரம்தான் காரணம். போன வசந்தம் இரண்டாவது வான்கோழி தப்பியபோது அவளும் பக்கத்தில் இருந்திருக்கிறாள். இருபது தப்படி தூரத்தில் வான்கோழிச் சேவல் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. டென்சில் சுட்டான். புகை கலைந்தபோது சேவல் பறந்துகொண்டிருந்தது. அவன் தலையைத் தொங்கப்போட்டு நடந்துவிட்டான். அவள் மட்டும் சேவல் நின்ற இடத்துக்குப் போய்ப் பார்த்தாள். பின்னால் இருந்த பீச் மரப்பட்டையில் சுற்றிலும் ரவை பதிந்திருந்தது. நடுவில், தட்டு அகலத்துக்கு, ஒன்றுகூட இல்லை. சேவலின் தலை அந்த வெற்றிடத்துக்குள்தான் இருந்திருக்கிறது. அவன் குறி வைத்ததில் ஒரு விரற்கடை பிசகில்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. சொன்னதற்கு, ஆறுதல் சொல்லாதே என்று வள்ளென்று விழுந்தான். தக்கை சரியில்லாமல் இருக்கலாமோ என்று கேட்டபோது இன்னும் கோபம். அவன் அப்பா வெட்டிய அளவு அது. அப்பாவின் தக்கை வெட்டும் உளி இன்னும் இருக்கிறது, அதே உளி, அதே அளவு, குழல் வாயில் வைத்தால் கவ்விப் பிடிக்கிறது, இதைவிட என்ன வேண்டும் என்றான். பேச்சு அத்தோடு முடிந்தது. அவளுக்கு முடியவில்லை.

ஏப்ரலில் தீயணைப்புக் கூடத்தில் காட்டுப்பூண்டு விருந்து. ஊர் முழுக்க வாய் நாறும் நாள். பீன்சும் பன்றித்தொடையும் சோளரொட்டியும் எடுத்துக்கொண்டு நான் ரீவாவுக்கு எதிரில் உட்கார்ந்திருந்தேன். வில்மர் தட்டோடு வந்து தம்பிக்குப் பக்கத்தில் இடம் பிடித்தான்.

"என்னடா டென்சில், இந்த வருஷமும் மரத்துக்குத்தான் ரவை போடப் போறியா?"

டென்சில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"கோவிச்சுக்காதே. குடுத்துடு. அடுப்புக்கு மேல அழகா மாட்டி வெச்சுடறேன். நமக்கும் வயசாச்சு, துப்பாக்கிக்கும் வயசாச்சு. ஆஸா கிழவன் எந்திரிச்சு வந்தா கேக்கப் போறான்?"

நான் சோளரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டேன். மாட்டி வைத்துவிட்டால் அதன்பிறகு கல்லறைத் தோட்டத்து மேசையில் கடையில் வாங்கிய கோழிதான். அதை முடித்து வைத்தவன் டென்சில் என்று ஆகும். வில்மருக்கு அது தெரியாமல் இல்லை. அப்போது அவன்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

"சீசன் முடிய இன்னும் அஞ்சு வாரம் இருக்கு வில்மர்," என்றாள் ரீவா. "இப்பவே ஆணி அடிச்சுடாதே. சுவர் வீணாப் போயிடும்."

"அவன் வரமாட்டேங்கறானே. நீயா சுடப் போற?"

"காகிதத்தைச் சுடப் போறேன்."

சொன்னபடி செய்தாள். கொட்டகைக்குப் பின்னால் கம்பளி மூட்டை ஒன்றைப் போட்டு, அதன்மேல் துப்பாக்கியைக் கிடத்தி, முப்பது தப்படி தள்ளிப் பழுப்புக் காகிதத்தை விரித்துக் கட்டுவாள். காகிதம் கட்டுவதும் அவிழ்ப்பதும் என் வேலையானது. பதினொரு மணிக்கு அங்கே தபால் போட்டுவிட்டு அரை மணி நேரம் நிற்பேன். அந்த வசந்தத்தில் ஹிக்கரி ஓடைக்கு மேல் இருந்தவர்களுக்கெல்லாம் தபால் தாமதம். காரணம் இப்போதுதான் வெளியே சொல்கிறேன்.

முதல் காகிதத்தைப் பார்த்ததும் நான் ஒத்துக்கொண்டேன். பீச் மரம் பொய் சொல்லவில்லை. சுற்றிலும் ஓட்டை, நடுவில் வெறுமை. தக்கையைத் தாண்டி மருந்தின் ஆவி ரவைக்குள் புகுந்து கலைத்துவிடுகிறது என்றாள் ரீவா. தக்கை குழலை அடைத்துக்கொண்டு போனால் இப்படி ஆகாது. ஆனால் தக்கைதான் வாயில் கவ்விப் பிடிக்கிறதே. அங்கேதான் அவளுக்கும் எனக்கும் புத்தி முட்டிக்கொண்டு நின்றது.

அதே அளவில் கெட்டி அட்டை வரவழைத்தாள். வெறுமை மாறவில்லை. தடித்ததை வரவழைத்தாள், இரண்டிரண்டாகப் போட்டாள், எண்ணெயில் ஊறியதைப் போட்டாள். ஓர் அளவு பெரிய தக்கை வாயிலேயே நுழையவில்லை. சுத்தியலால் தட்டியதில் விளிம்பு நசுங்கிக் கோணலாகப் போனது. அந்தக் காலத்து மலையாட்கள் குளவிக்கூட்டைக் கசக்கித் திணிப்பார்கள் என்று நான் நினைவுபடுத்தினேன். என் வீட்டுக் கூரையிலிருந்து பழைய கூடு ஒன்றைப் பிய்த்தும் கொடுத்தேன். அதில் வெறுமை கொஞ்சம் சுருங்கியது. ஆனால் ஒரு தடவை போல் மறுதடவை இல்லை. கூட்டுக்குள் உயிரோடு ஒரு குளவி இருந்தது. அது என்னைத்தான் கொட்டியது.

சீசன் தொடங்கிவிட்டது. காலையில் மலைமேல் சேவல்கள் கத்துவது சமையலறைவரை கேட்கும். டென்சில் எழுந்து ஜன்னலை மூடிவிட்டு உட்காருவான்.

ஒரு நாள் மழை. சுட முடியாமல் ரீவா துப்பாக்கியை மடியில் போட்டு, இடிக்கிற கோலால் ஒரு தக்கையை இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையைத் திடீரென்று நிறுத்தினாள். மேலே இழுத்தாள், மறுபடி இறக்கினாள்.

"எல்வுட், நீ பிடிச்சுப் பாரு. மெதுவா இறக்கு."

பிடித்துப் பார்த்தேன். முதல் ஒரு சாண் தூரம் கோலை மல்லுக்கட்டித் தள்ள வேண்டியிருந்தது. அதற்கப்புறம் பொத்தென்று கை தளர்ந்தது. அடிவரை தக்கை ஏனோதானோ என்று போயிற்று.

நான் வண்டியிலிருந்து பேனா அளவு டார்ச் ஒன்றை எடுத்து வந்தேன். அதை நூலில் கட்டிக் காலிக் குழலுக்குள் இறக்கினோம். வாய்க்கு ஒரு சாண் கீழே சுற்றிலும் ஒரு வளையம் தெரிந்தது. வாய் குறுகல், உள்ளே அகலம். ஒரு கண்ணை மூடி அதைப் பார்த்துக்கொண்டே ரீவா சிரிக்க ஆரம்பித்தாள். இத்தனை வருஷமாக ஹெட்ரிக் ஆம்பிளைகள் தக்கையை வாயில் வைத்து, கவ்வுகிறது, கவ்வுகிறது என்று பெருமைப்பட்டிருக்கிறார்கள். ஒருத்தனும் உள்ளே என்ன ஆகிறது என்று பார்க்கவில்லை. அப்பா அளவு சரி. குழல்தான் அப்பா காலத்துக் குழல் இல்லை. யாரோ உள்ளே தேய்த்திருக்கிறார்கள்.

யார், ஏன் என்று அவள் யோசித்து நேரத்தை வீணாக்கவில்லை. சீசன் முடியப் பதினோரு நாள்தான் இருந்தது. குறுகிய வாயில் நசுங்கி நுழைந்து, உள்ளே போனதும் விரிந்து அடைத்துக்கொள்கிற தக்கை வேண்டும். அட்டை ஆகாது. கம்பளி நமதா வேண்டும், ஆட்டு ரோமத்தை அடித்து இறுக்கிய கெட்டித்துணி, நல்ல தடிப்பில்.

கடையிலிருந்து வந்த நமதா பாதிக்குமேல் நைலான். சுட்டதும் உருகிக் குழலுக்குள் ஒட்டிக்கொண்டது. அதைச் சுரண்டி எடுக்கவே ஒரு நாள் போனது. ரீவா தன் ஆட்டு ரோமத்தையே சோப்புநீரில் போட்டு அடித்துப் பிசைந்து தானே நமதா செய்தாள். அது மிருதுவாக வந்தது, அழகாகவும் இருந்தது, ஆனால் இடித்தவுடன் அப்பளமாகிவிட்டது. இன்னும் இறுக வேண்டும், எப்படி இறுக்குவது என்று கொட்டகை வாசலில் ஈரக்கையோடு நின்றுகொண்டிருந்தாள்.

எனக்குத் தெரியும் எப்படி என்று. இரண்டு கிறிஸ்துமஸுக்கு முன்னால் ரீவா தன் ஆட்டு ரோமத்தில் நூற்றுப் பின்னி எனக்கு ஒரு ஸ்வெட்டர் கொடுத்தாள். சாம்பல் நிறம், கனத்த பின்னல். நான் அதை வாஷிங் மெஷினில் வெந்நீரில் போட்டேன். வெளியே எடுத்தபோது என் வீட்டுப் பூனைக்குக்கூடப் போதாது. ஒரு தடித்த பலகைபோல ஆகியிருந்தது. பெட்டிக்கு அடியில் ஒளித்து வைத்தேன். குளிர் வந்தால் அவள் கேட்பாள், எங்கே ஸ்வெட்டர் என்று. விசேஷத்துக்கு வைத்திருக்கிறேன் என்பேன். இரண்டு வருஷமாக ஒரு விசேஷமும் வரவில்லை.

மறுநாள் தபாலோடு சேர்த்து அதைக் கொடுத்தேன். ரீவா விரித்துப் பார்த்தாள். கை இருந்த இடத்தில் ஒரு மொண்ணைத் துண்டு. கட்டைவிரலால் அழுத்தினாள், வளைத்தாள், மறுபடி அழுத்தினாள்.

"எவ்வளவு நாளா ஒளிச்சு வெச்சிருந்த?"

"முதல் துவையல்லேருந்து."

"வெந்நீரா?"

"கொதிக்கிற வெந்நீர்."

"மூணு வாரம் நான் பின்னினது," என்றாள். திட்டப்போகிறாள் என்று நின்றேன். "இதைவிடச் சரியா நான் செஞ்சிருக்க முடியாது, எல்வுட். போய்த் தொலை, தபாலைக் குடு எல்லாருக்கும்."

இரும்புக் குழாய்த் துண்டு ஒன்றின் விளிம்பைச் சாணைபிடித்து அதையே உளியாக்கினாள், அப்பாவின் உளியைவிடக் கொஞ்சம் அகலம். ஸ்வெட்டரின் முதுகிலிருந்து முதல் தக்கை விழுந்தது. ஆட்டுக்கொழுப்பும் தேன்மெழுகும் உருக்கி அதில் முக்கினாள்.

அன்றைக்கு அவள் கம்பளி மூட்டையைப் போடவில்லை. ஆள் பிடித்துச் சுட்டாலும் அப்படியே வருகிறதா என்று பார்க்க வேண்டும் என்று தோளில் வைத்துச் சுட்டாள். இரண்டு வாரமாகவே அப்படித்தான் பாதி நாள் சுட்டுக்கொண்டிருந்தாள். காகிதத்தை நான் அவிழ்த்து வந்தேன். நடுவில் வெறுமை இல்லை. தட்டு அகலத்துக்குள் கையால் குத்தி வைத்த மாதிரி ஓட்டைகள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். ரீவா நம்பவில்லை. இன்னொன்று கெட்டித்தாள், நான் புதுக் காகிதம் கட்டினேன். அதற்குள் கொட்டகை மூலையில் டென்சில் நிற்பதைப் பார்த்தேன்.

நாலு வாரமாக வீட்டுக்குப் பின்னால் வெடிக்கிறது. ஒரு தடவைகூட அவன் எட்டிப் பார்க்கவில்லை. இன்றைக்கு வந்ததற்குக் காரணம் காகிதமும் இல்லை, தக்கையும் இல்லை. காலையில் ஆட்டுக்குட்டி ஒன்றைத் தூக்கக் குனிந்தபோது அவள் சட்டைக் கழுத்து விலகியிருக்கிறது. தோள் முழுக்க நீலமும் மஞ்சளுமாகக் கன்றியிருந்ததை அவன் பார்த்துவிட்டான்.

"அப்படிப் பிடிக்காதே," என்றான் பின்னால் வந்து. "எலும்பு மேல வைக்கிற. உள்ளுக்குப் பள்ளத்துல வை. கன்னத்தைக் கட்டையோட ஒட்டு."

"எனக்கு யார் சொல்லிக்குடுத்தா?"

"நாலு வாரமா இப்படியேவா சுட்ட?"

"நீ ஜன்னலை மூடிட்டு உக்காந்திருந்த. நான் என்ன பண்றது?"

அவன் அவள் தோளை நகர்த்தி, கட்டையைப் பள்ளத்தில் பொருத்தி வைத்தான். அவள் சுட்டாள். இந்தத் தடவை காகிதத்தை அவிழ்க்க அவனே நடந்து போனான். போனவன் அங்கேயே நின்றான், கொஞ்ச நேரம் என்றால் நன்றாகவே கொஞ்ச நேரம். திரும்பி வந்து என் கையிலிருந்த முதல் காகிதத்தையும் வாங்கி, இரண்டையும் மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான்.

"பழைய காகிதம் இருக்கா? அப்பா தக்கை போட்டுச் சுட்டது?"

அதையும் ரீவா வைத்திருந்தாள். வெறுமைக்கு நடுவில் அவன் விரலை வைத்தான்.

"சேவலு இங்க இருந்துச்சு," என்றான்.

"அதத்தான் ஒரு வருஷமா சொல்றேன்."

"ரெண்டு தடவையும் இங்கதான் இருந்துச்சு, ரீவா."

அவள் அவனைப் பார்க்காமல் கொழுப்புச் சட்டியைக் கிளறிக்கொண்டே இருந்தாள். நான் அங்கே நிற்பது முறையில்லை என்று எனக்கே பட்டது. வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

அடுத்து நடந்ததை இரண்டு பேரும் தனித்தனியாகச் சொல்லி, நான்தான் சேர்த்துக் கட்டினேன். முதல் நாலு காலை, ரீவா பஸ்ஸோடு இருக்க, டென்சில் தனியே போய் ஒன்றும் அமையவில்லை. ஒரு நாள் காற்று. ஒரு நாள் பெட்டைகள் சேவலை இழுத்துக்கொண்டு வேறு பக்கம் போய்விட்டன. கடைசி சனிக்கிழமை, சீசனின் கடைசிக் காலை, தூறல். கேப்பு நனையாமல் இருக்க ரீவா தன் கையுறையை அதன்மேல் போட்டு மூடிக்கொண்டே நடந்திருக்கிறாள். ஓக் மரத்தடியில் டென்சில் உட்கார்ந்தான். வான்கோழி இறக்கை எலும்பில் செய்த ஊதியை உறிஞ்சிப் பெட்டைக் குரல் கொடுத்தான். சரிவுக்குக் கீழே சேவல் பதில் சொன்னது. வர ஒரு மணி நேரம் ஆக்கியது. அந்த ஒரு மணி நேரம் கால் மரத்து, கழுத்தில் தண்ணீர் இறங்கி, இரண்டு பேரும் அசையவில்லை. டென்சிலின் வலது கண்ணில் நீர் வடிந்துகொண்டே இருந்தது. அவன் துடைக்கவில்லை. கைக்குட்டையை எடுத்தால் சேவல் பார்த்துவிடும். சேவல் இருபத்தைந்து தப்படியில் வந்து கழுத்தை நீட்டியபோது ரீவா கேப்பின்மேல் இருந்த கையுறையை எடுத்தாள், டென்சில் சுட்டான்.

புகை ஈரக்காற்றில் கலையவே மாட்டேன் என்றது. இரண்டு பேரும் எழுந்து புகைக்குள்ளேயே நடந்து போனார்கள். சேவல் நின்ற இடத்திலேயே கிடந்தது. பாதி வழியில் ரீவா எதையோ குனிந்து எடுத்தாள். கருகிய விளிம்போடு என் ஸ்வெட்டரின் வட்டம் ஒன்று.

கல்லறைத் தோட்டத்துக்கு நானும் போனேன். என் அம்மாவும் அந்த மேட்டில்தான் இருக்கிறாள். பியோனிப் பூக்களை வைத்துவிட்டு எல்லாரும் மேப்பிள் நிழலில் மேசைக்கு வந்தார்கள். பெரிய தட்டில் வான்கோழி. டென்சில் தானே கார் ஓட்டி வந்திருந்தான். வில்மர் தட்டைப் பார்த்தான், தம்பியைப் பார்த்தான், வாழ்த்துச் சொன்னான். முகம் மட்டும் ஒத்துழைக்கவில்லை.

சாப்பாட்டுக்கு நடுவில், எப்படி என்று அவன்தான் கேட்டான். ரீவா என் ஸ்வெட்டர் வெந்நீரில் சுருங்கிய கதையைச் சொல்லிக்கொண்டே, கைப்பையிலிருந்து ஒரு தக்கையை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"இது குழலைவிடப் பெருசா இருக்கே," என்றான்.

"வாயைவிடப் பெருசு. உள்ளுக்குச் சரியா இருக்கு. யாரோ உள்ள தேச்சிருக்காங்க, வில்மர். வாயில மட்டும் ஒரு சாண் விட்டுட்டாங்க."

வில்மர் தக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

"யாரோ இல்ல. நான்தான்."

அவன் தக்கையைப் பார்த்தே பேசினான். ஒரு இலையுதிர் காலத்தில் தெருநாய்கள் ஆட்டுக்குட்டிகளைக் கடித்துக்கொண்டிருந்தன. ஆடு வைத்திருப்பவர்கள் எல்லாரும் செய்கிற மாதிரி அவனும் துப்பாக்கியைக் கெட்டித்துக் கதவுக்குப் பின்னால் வைத்தான். நாய்கள் வேறு பக்கம் போய்விட்டன. துப்பாக்கியை மறந்துவிட்டான். குளிர்காலம் முழுக்க மருந்து உள்ளேயே கிடந்து குழலைத் தின்றுவிட்டது. வெளியே சொல்ல வெட்கம். காரின் பிரேக் சிலிண்டர் தேய்க்கிற கல்லைத் துளைப்பானில் மாட்டித் துரு போகத் தேய்த்தான். வாய்ப்பக்கம் கல் நிற்காமல் துள்ளி வெளியே வந்தது, அதனால் அங்கே விட்டுவிட்டான்.

"கண்ணாடி மாதிரி ஆக்கிட்டேன்னு நெனச்சேன். அப்புறம் மூணு வருஷம் ஒண்ணும் விழல. முட்டின்னு சொன்னேன். முட்டிக்கு ஒண்ணுமில்ல. என் கை போச்சுன்னு நெனச்சேன்." டென்சில் பக்கம் இப்போதுதான் திரும்பினான். "உன்கிட்ட குடுத்தப்புறம், நீ அடிச்சிடுவியோன்னு பயமா இருந்துச்சுடா. நீயும் தப்பவிட்ட. அன்னிக்கு ராத்திரி நான் நல்லாத் தூங்கினேன்."

டென்சில் தன் தட்டைத் தள்ளி வைத்தான். ரீவா அவன் கைமேல் கை வைக்கவில்லை; வைத்தால் எழுந்து போய்விடுவான் என்று அவளுக்குத் தெரியும்.

"ஒரு வருஷம் நான் கார் ஓட்டல, வில்மர்," என்றான் கடைசியில். "குருடாயிட்டேன்னு உக்காந்துட்டேன்."

"தெரியும்."

"தெரிஞ்சுதான் அடுப்புக்கு மேல மாட்டறேன்னு சொன்னியா?"

டென்சில் எழுந்து கார்வரை போனான். போய்விடப் போகிறான் என்றே எல்லாரும் நினைத்தோம். கார்க் கதவில் கையை வைத்துக்கொண்டு மலையைப் பார்த்து நின்றான். பிறகு திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தான். அண்ணன் தட்டைப் பார்த்தான்.

"தொடைக்கறி எடுத்துக்க. ஆறிப் போவுது."

வில்மர் எடுத்துக்கொண்டான். தக்கையை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து எட்டாவது பொட்டலம் வந்தது. ஏழு பொட்டலமும் எங்கெங்கோ இருந்து வந்தவை; இது ஐந்து மைல் தூரத்து வில்மர் வீட்டிலிருந்து. காரில் பத்து நிமிஷம். அதைத் தபாலில் போட்டிருந்தான். பெயரும் ரீவா பெயர் இல்லை, டென்சில் பெயர். கதவைத் தட்டி அவன் கையிலேயே கொடுத்தேன், பிரிக்கும்வரை நகரவும் இல்லை.

உள்ளே ஒரு ஸ்வெட்டர். பழுப்பு நிறம், பின்னல் ரீவாவுடையது, வில்மருக்கு எப்போதோ அவள் கொடுத்தது. அதை அவன் வெந்நீரில் போட்டு எடுத்திருந்தான், தொட்டால் பலகை. டென்சில் அதை உதறியபோது மடிப்பிலிருந்து ஏதோ தரையில் விழுந்து உருண்டது. குனிந்து எடுத்துப் பார்த்தான். நீளமான ஆணி ஒன்று. முனையில் அடுப்புக்கரி படிந்த சுவர்ச் சுண்ணாம்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.